காரில் குழந்தை இருக்கையின் அடியில் என்ன விரிப்பது: தடித்த பாயிலிருந்து மெல்லிய துண்டுக்கு வந்த அனுபவம்

எட்டு மாதங்களாகக் கழற்றாமல் வைத்திருந்த குழந்தை இருக்கையை, காருக்குள் கிளம்பிய புளித்த பால் வாடை தாங்காமல் ஒருநாள் வெளியே தூக்கி வைத்தேன். அடியில் இருந்த பின்சீட்டைப் பார்த்ததும் சிறிது நேரம் பேச்சு வரவில்லை. இருக்கையின் அடித்தட்டு எங்கெல்லாம் ஊன்றி நின்றதோ அங்கெல்லாம் விரல் நுனி புதையும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தது. முன்விளிம்பின் ரெக்சின் பட்டை தேய்ந்து பளபளத்தது. துணியும் ரெக்சினும் சேரும் தையலின் ஓரமெங்கும் பிஸ்கட் துகளும் மணலும் கலந்து கறுப்புக் கோடாக ஒட்டிக் கிடந்தன. மகளுக்கு அப்போது ஒன்றரை வயது. பின்னோக்கிய நிலையில், சீட் பெல்ட்டால் கட்டப்பட்ட இருக்கையில் அவள் பயணம் செய்துகொண்டிருந்தாள்.

அன்று மாலையே, இருக்கையின் அடியில் விரிப்பதற்கென்று விற்கப்படும் பாய் ஒன்றை வாங்கினேன். அந்தப் பாயை இரண்டு வாரங்களில் ஏன் கழற்றிப் போட்டேன், அதற்குப் பதிலாக இப்போது என்ன விரித்திருக்கிறேன் என்பதையே இங்கே எழுதுகிறேன்.

வாங்கிய பாய் பார்ப்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. மேலே தைத்த ரெக்சின், நடுவில் ஃபோம், அடியில் நழுவாமலிருக்க ரப்பர் புள்ளிகள், முன்பக்கம் பொம்மை வைக்க இரண்டு வலைப் பைகள். அளவுகோலால் பார்த்தபோது தடிமன் 12 மில்லிமீட்டர் இருந்தது. அதை விரித்து, இருக்கையை மேலே வைத்து, முழங்காலால் அழுத்திப் பெல்ட்டை இறுக்கியபோது முன்பைவிடக் கெட்டியாகப் பிடித்ததாகத் தோன்றியது. ஆட்டிப் பார்த்தால் அசைவே இல்லை. பணம் வீண் போகவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு வாரங்கள் கழித்து, மகளைத் தூக்கி உட்கார வைக்கும்போது இருக்கை என் கையோடு சேர்ந்து பக்கவாட்டில் நகர்ந்தது. பெல்ட்டை யாரும் தொடவில்லை, கொக்கி கழலவில்லை, பெல்ட்டைப் பிடித்து நிறுத்தும் பூட்டும் பூட்டியபடியே இருந்தது. பிறகு எங்கிருந்து வந்தது இந்தத் தளர்வு என்று இருக்கையைக் கழற்றிப் பாயை எடுத்துப் பார்த்தேன். எந்தப் பாரமும் படாத ஓரத்தில் அது அதே 12 மில்லிமீட்டர். அடித்தட்டின் மூலைகள் ஊன்றிய இடங்களில் 4 மில்லிமீட்டர். ஃபோம் நசுங்கி, நசுங்கிய நிலையிலேயே தங்கிவிட்டது.

8 மில்லிமீட்டர் என்ன பெரிய அளவா என்று கணவர் கேட்டார். கேட்கத் தகுந்த கேள்விதான். பெல்ட் இருக்கையின் குறுக்கே வந்து இரண்டு பக்கமும் கீழிறங்குகிறது. ஆகவே இருக்கை 8 மில்லிமீட்டர் கீழே அமர்ந்தால் பெல்ட்டில் ஏறத்தாழ 16 மில்லிமீட்டர் நீளம் மிஞ்சி நிற்கும். இது அன்றாட ஓட்டத்தில், மகளின் எடையும் சாலையின் அதிர்வும் மட்டுமே செய்த வேலை. மோதலில் நடப்பது வேறு கணக்கு. ஐக்கிய நாடுகளின் ஆர்129 விதியின்படி குழந்தை இருக்கைகளுக்கு நடத்தப்படும் முன்மோதல் சோதனை மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் நடக்கிறது. அந்த வேகத்திலிருந்து கண்ணிமைக்கும் நேரத்துக்குள் நிற்கும்போது எடையைப் போல் இருபது மடங்குக்கும் மேலான விசை உண்டாகிறது. குழந்தையும் இருக்கையும் சேர்ந்து 20 கிலோ என்று வைத்துக்கொண்டால், 400 கிலோ எடை ஒரே நொடியில் அந்த ஃபோம்மீதும் பெல்ட்மீதும் விழுவதற்குச் சமம். இரண்டு வாரங்களில் மெல்ல மெல்ல நசுங்கிய ஃபோம் அப்போது ஒரேயடியாக நசுங்கும். மிஞ்சிய பெல்ட் நீளத்தின் அளவுக்கு இருக்கை தடையில்லாமல் பாய்ந்து, அதன் பிறகுதான் பெல்ட் அதைப் பிடிக்கும். குழந்தையின் தலை எவ்வளவு தூரம் நகர்கிறது என்பதைத் தீர்மானிப்பவற்றுள் இந்தத் தளர்வும் ஒன்று.

கணக்கை மட்டும் நம்பாமல் ஒரு சோதனையும் செய்து பார்த்தேன். துணி காயப்போடும் கிளிப் ஒன்று இருந்தால் யாரும் இதைச் செய்யலாம் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். பாயைத் திருப்பிப் போட்டு, நசுங்காத பகுதி அடித்தட்டின் கீழே வரும்படி விரித்து, இருக்கையை முறைப்படி இறுக்கினேன். தோள் பெல்ட் இருக்கையின் துளைக்குள் நுழையும் இடத்தில், துளையை ஒட்டியபடி பெல்ட்டில் கிளிப்பை மாட்டினேன். பிறகு பெல்ட்டைக் கழற்றி, பாயை உருவி எடுத்துவிட்டு, அதே இடத்தில் இருக்கையை வைத்து, கிளிப் பழைய இடத்துக்கு வரும்வரை மட்டும் பெல்ட்டை இழுத்துப் பூட்டினேன். பாயோடு இருந்தபோது அசையாத இருக்கை, அதே பெல்ட் நீளத்தில் பாயில்லாமல் தொட்டில்போல ஆடியது. பிறகு சரியாக இறுகும்வரை பெல்ட்டை இழுத்தேன். கிளிப் துளையிலிருந்து 2 சென்டிமீட்டர் விலகி நின்றது.

இந்தச் சோதனையில் ஃபோம் நசுங்குவது மட்டுமல்லாமல் பாயின் தடிமன் முழுவதும் கலந்திருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆகவே கிடைத்த 2 சென்டிமீட்டர் என்பது, பாய் ஒன்றுமில்லாமல் போனால் எவ்வளவு தளரும் என்ற மேல் எல்லை. ஆனாலும் எனக்கு அந்த எல்லைதான் வேண்டியிருந்தது. பெல்ட் நுழையும் இடத்தில் இருக்கையைப் பிடித்து அசைத்தால், எந்தப் பக்கமும் ஓர் அங்குலத்துக்கு மேல், அதாவது 2.5 சென்டிமீட்டருக்கு மேல் நகரக் கூடாது என்பதுதான் இருக்கை பொருத்தக் கற்றுத் தருபவர்கள் சொல்லும் அளவு. அந்த அனுமதியைக் கிட்டத்தட்ட முழுவதும் தின்றுவிடக்கூடிய ஒரு பொருளை, சீட்டில் பள்ளம் விழாமலிருப்பதற்காக, நானே என் கையால் உள்ளே வைத்திருந்தேன்.

அடியிலிருந்த ரப்பர் புள்ளிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவை சீட்டோடு ஒட்டிக்கொண்டு உராய்வைக் கூட்டுவதால், பெல்ட் போதிய இறுக்கமில்லாமல் இருக்கும்போதுகூட இருக்கை கைக்கு அசையாது. முதல் நாள் நான் வியந்த அந்தக் கெட்டிப்பிடியில் பாதி பெல்ட் தந்ததன்று, ரப்பர் தந்தது. கையால் ஆட்டிப் பார்க்கும் சோதனையையே பொய்யாக்கிவிடும் பொருள் என்பதால், தளர்வைக் காட்டிலும் இதுதான் எனக்கு அதிகக் கலக்கத்தைத் தந்தது.

இத்தனையும் ஆன பிறகுதான் இருக்கையோடு வந்த கையேட்டை எடுத்துப் படித்தேன். முதலிலேயே படித்திருக்க வேண்டும். தயாரிப்பாளர் ஒப்புதல் தராத எதையும் இருக்கைக்கும் வாகனச் சீட்டுக்கும் இடையில் வைக்கக் கூடாது என்று அதில் தெளிவாகவே இருந்தது. காரணம் எளிது. இருக்கை ஆய்வகத்தில் மோதிச் சோதிக்கப்படும்போது அடியில் வேறொருவர் செய்த பாய் இருப்பதில்லை. ஆகவே பாயோடு அது எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு இருக்கையைச் செய்தவரிடம் விடை இல்லை. பாயின் அட்டைப் பெட்டியில் “மோதல் சோதனை செய்யப்பட்டது” என்று அச்சிட்டிருந்தாலும், அந்தச் சோதனை என் இருக்கையோடு நடந்தது என்று அதற்குப் பொருள் இல்லை. சில தயாரிப்பாளர்கள் தங்கள் இருக்கைகளுக்கென்றே மெல்லிய விரிப்புகளைச் செய்து விற்கிறார்கள். அவை கிடைத்தால் வேறெதையும் தேட வேண்டியதில்லை. என் இருக்கைக்கு அப்படி எதுவும் இல்லாததால், தயாரிப்பாளருக்கு எழுதிக் கேட்டேன். மெல்லிய பருத்தித் துண்டு ஒன்றை மடிக்காமல் ஒற்றை அடுக்காக விரிக்கலாம், ரப்பரோ ஃபோமோ கூடாது என்று பதில் வந்தது. இந்தப் பதில் என் இருக்கைக்கு உரியது. துண்டையும் அனுமதிக்காத தயாரிப்பாளர்கள் இருக்கிறார்கள். ஆகவே இதைப் படிப்பவர் தம் கையேட்டைப் பார்க்காமல் நான் செய்ததை அப்படியே செய்துவிட வேண்டாம்.

துண்டுக்கு முன்னால் இன்னொரு யோசனையும் மனத்தில் இருந்தது. அலமாரித் தட்டில் விரிக்கும் வலைபோன்ற நழுவாத விரிப்பு மெல்லியதுதானே, அதை வைத்தால் என்ன என்று நினைத்தேன். அதைக் கைவிட்டதற்கு மேலே சொன்ன உராய்வு ஒரு காரணம். வீட்டு மேசை மற்றொரு காரணம். அந்த வகை விரிப்பைப் போட்டு அதன்மேல் விளக்கு வைத்திருந்த மேசையில், ஓராண்டு கழித்து எடுத்தபோது வலையின் அச்சு அப்படியே ஒட்டியிருந்தது. அந்த விரிப்பு பிவிசி என்னும் பிளாஸ்டிக்கால் ஆனது. பிவிசியை வளையச் செய்யும் எண்ணெய் போன்ற சேர்மங்கள் வெப்பத்தில் மெல்ல வெளியேறி, தொட்டுக்கொண்டிருக்கும் மேற்பரப்புக்குள் இறங்குகின்றன. வெயிலில் நிற்கும் காருக்குள் இது இன்னும் வேகமாக நடக்கும். ரெக்சினும் பெரும்பாலும் பிவிசியால் ஆனதே என்பதால், இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிப் பிசுபிசுத்துப் போகும். சீட்டைக் காப்பாற்ற விரித்ததே சீட்டின் தோலை உரித்துக்கொண்டு வருவதை நான் பார்க்க விரும்பவில்லை.

பழைய சேதத்தைச் சரிசெய்யும் வேலைக்கு ஒரு முழு நாள் பிடித்தது. முதலில் தையல் ஓரங்களில் மெல்லிய முனை பொருத்திய வாக்குவம் கிளீனரை ஓட்டினேன். ஈரத்துணி கொண்டு துடைப்பதற்கு முன் இதைச் செய்யாவிட்டால் மணல் சேறாகித் தையலுக்குள் இறங்கிவிடும். தேய்மானத்துக்குப் பெரும் பொறுப்பு இந்த மணலுக்குத்தான். இருக்கையின் எடை அதன்மேல் அழுந்த, கார் குலுங்கும் ஒவ்வொரு முறையும் அது உப்புத்தாளைப்போல ரெக்சினைத் தேய்த்திருக்கிறது. எந்த விரிப்பு போட்டாலும் மணல் ஓரமாக உள்ளே வரத்தான் செய்யும் என்பதால், மாதம் ஒருமுறை இருக்கையைத் தூக்கித் துப்புரவு செய்வதே சீட்டுக்கு உண்மையான பாதுகாப்பு என்று அப்போது புரிந்தது.

பால் கறைக்குக் குளிர்ந்த நீரில் பாத்திரம் கழுவும் திரவம் சில துளிகள் கலந்து, துணியில் நனைத்துப் பிழிந்து, தேய்க்காமல் ஒற்றி ஒற்றி எடுத்தேன். வெந்நீர் பாலின் புரதத்தை இழைகளில் இறுகச் செய்துவிடும். அழுத்தித் தேய்த்தால் கறை பஞ்சுக்குள் இறங்கும். பிறகு சமையல் சோடாவைத் தூவி, இரவு முழுவதும் விட்டு, காலையில் வாக்குவத்தால் உறிஞ்சினேன். வாடை முக்கால்வாசி போனது. மறுநாள் மீண்டும் ஒருமுறை செய்தபோது முழுவதும் போனது. பின்சீட்டின் உள்ளே பெல்ட் எச்சரிக்கைக்கான உணரியும் அதன் மின்கம்பிகளும் இருக்கக்கூடும் என்பதால் நீரை ஊற்றுவது எந்த நிலையிலும் கூடாது. ஈரம் முழுவதும் காய்வதற்கு முன் இருக்கையை மேலே வைத்து மூடிவிட்டால் பூஞ்சை பிடிக்கும். கதவுகளைத் திறந்துவைத்து நாள் முழுவதும் காயவிட்டேன்.

பள்ளங்களுக்கு வெப்பமும் பொறுமையும்தான் மருந்து. துணிப் பகுதியில் ஈரத்துணி ஒன்றை விரித்து, இஸ்திரிப் பெட்டியைத் துணியைத் தொட்டும் தொடாமலும் மேலே பிடித்து, எழும் ஆவியைப் பள்ளத்துக்குள் இறக்கினேன். பிறகு மென்மையான தூரிகையால் இழைகளை எதிர்த்திசையில் நிமிர்த்தினேன். ரெக்சின் பகுதியில் தலைமுடி உலர்த்தியைக் குறைந்த சூட்டில் ஒரு முழம் தள்ளிப் பிடித்து, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் உள்ளங்கையால் சுற்றிலுமிருந்து நடுவை நோக்கித் தடவினேன். நான்கில் இரண்டு பள்ளங்கள் அன்றே கிட்டத்தட்ட மறைந்தன. மற்ற இரண்டும் ஆழம் குறைந்து நின்றன. கடைசியாக ரெக்சினுக்குப் பளபளப்புத் திரவம் பூச எடுத்தேன். சிலிக்கோன் கலந்தது என்று பார்த்ததும் வைத்துவிட்டேன். இருக்கை ஊன்றும் பரப்பை வழுக்கச் செய்யும் எதையும் அங்கே பூசக் கூடாது. பெல்ட் நாடாவின்மீதும் இந்தத் திரவங்கள் எதுவும் படாதபடி பார்த்துக்கொண்டேன். அதில் ஒட்டியிருந்த அழுக்கைக் கையேடு சொன்னபடி மென்மையான சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் மட்டும் துடைத்தேன்.

இனித் துண்டைப் பற்றி. குளியலறையில் பயன்படுத்தும் பூந்துவாலை வேண்டாம். அதன் சுருள் இழைகளும் ஓரளவு நசுங்கும். பலமுறை துவைத்து மெலிந்த பருத்தித் துண்டு ஒன்றை எடுத்தேன். தடிமன் ஒன்றரை மில்லிமீட்டர். அடித்தட்டைவிட எல்லாப் பக்கமும் இரண்டு விரல் அகலம் கூடுதலாக இருக்குமாறு வெட்டி ஓரம் அடித்தேன். அகலமான துண்டை மடித்து வைத்தால் அடுக்கு இரண்டாகிவிடும், மடிப்பின் விளிம்பும் மேடாக நிற்கும். வெட்டச் சொல்வது அதனால்தான். பெல்ட்டின் கொக்கி இருக்கும் இடத்தில் அரைவட்டமாகக் கத்தரித்துவிட்டேன், ஏனெனில் துண்டின் எந்தப் பகுதியும் கொக்கியை மூடவோ, பெல்ட்டுக்கும் இருக்கைக்கும் இடையில் நுழையவோ கூடாது. இருக்கை பின்சீட்டின் சாய்மானத்தைத் தொடும் இடத்தில் மகளின் ஷூ அழுக்கு படாமலிருக்க இன்னொரு துணி வைக்கலாமா என்று தோன்றியது. அதுவும் இருக்கைக்கும் சீட்டுக்கும் இடையில் வரும் பொருள்தான் என்பதால் விட்டுவிட்டேன். அந்த அழுக்கு ஈரத்துணிக்குப் போகிறது.

கிளிப் சோதனையைத் துண்டோடு மீண்டும் செய்தேன். துண்டை எடுத்துவிட்டுச் சரியாக இறுக்கியபோது கிளிப் துளையிலிருந்து விலகிய தூரம் 3 மில்லிமீட்டர்கூட இல்லை.

இருக்கையை மீண்டும் பொருத்தும்போதுதான் பள்ளங்களின் மற்றொரு காரணம் பிடிபட்டது. இத்தனை நாளும் நான் முழங்காலை ஊன்றி, உடல் எடை முழுவதையும் போட்டு, மூச்சைப் பிடித்துப் பெல்ட்டை இழுத்து வந்திருக்கிறேன். அவ்வளவு தேவையே இல்லை. இந்த முறை ஒரு கையால் மட்டும் அடித்தட்டை அழுத்தி, மறுகையால் தோள் பெல்ட்டைத் துளையின் திசையிலேயே இழுத்து, தளர்வு போனதும் பூட்டினேன். பிறகு இடக்கையால், பழக்கமில்லாத கை என்பதற்காகவே அந்தக் கையால், பெல்ட் நுழையும் இடத்தைப் பிடித்து ஒரு குலுக்குக் குலுக்கினேன். அசைவு ஓர் அங்குலத்தில் பாதிகூட இல்லை. இருக்கையின் மேல்முனையைப் பிடித்து ஆட்டினால் பின்னோக்கிய இருக்கை ஆடத்தான் செய்யும். அதைப் பார்த்துப் பயந்து மேலும் இறுக்கியதுதான் என் பழைய தவறு. சாய்வு காட்டும் குமிழி கோட்டுக்குள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு முடித்தேன்.

ஐசோஃபிக்ஸ் கொக்கிகளால் மாட்டும் இருக்கை உள்ளவர்களுக்குப் பெல்ட் கணக்கு அப்படியே பொருந்தாது. அவர்களுடைய இருக்கை, காரிலேயே பொருத்தப்பட்டு 280 மில்லிமீட்டர் இடைவெளியில் உள்ள 6 மில்லிமீட்டர் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. ஆனால் கம்பிகளின் உயரம் மாறாமல் அடித்தட்டு மட்டும் பாயால் உயர்ந்தால், இருக்கையின் சாய்வும், அதன் அடித்தட்டிலிருந்து கீழிறங்கும் தாங்குகால் காரின் தரையில் ஊன்றும் அழுத்தமும் மாறிவிடும். தாங்குகாலின் அடியில் நழுவும் தரைவிரிப்பு கிடந்தாலும் இதே சிக்கல்தான். பின்சீட்டில் கால் வைக்கும் இடத்தின் தரைக்கடியில் சாமான் வைக்கும் அறை உள்ள கார்களில், தாங்குகாலை அதன் மூடிமேல் ஊன்றலாமா என்பதைக் காரின் கையேட்டில் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

ஆறு வாரங்கள் கழித்து மீண்டும் இருக்கையைத் தூக்கினேன். துண்டில் பழச்சாறு சிந்திய ஒரு வட்டம். அதன் நடுப்பகுதி மட்டும் கீழே துணியில் மங்கலாக இறங்கியிருந்தது, ஒருமுறை ஒற்றி எடுத்ததும் போய்விட்டது. பருத்தி நீரைத் தடுக்காது. பெரிதாகச் சிந்தினால் அன்றைக்கே தூக்கிப் பார்க்க வேண்டியிருக்கும், அந்தக் குறையை நான் ஏற்றுக்கொண்டுவிட்டேன். மிஞ்சியிருந்த இரண்டு பள்ளங்களில் ஒன்று மறைந்திருந்தது. மற்றொன்று நகத்தால் தடவினால் மட்டும் தெரிந்தது. தையல் ஓரத்தில் சேர்ந்த மணலை எடுத்துவிட்டு, துவைத்து வைத்திருந்த இரண்டாவது துண்டை விரித்து, கிளிப் எந்த இடத்தில் நின்றது என்று குறித்து வைத்திருந்த அதே அளவுக்குப் பெல்ட்டை இழுத்துப் பூட்டினேன். பாயின் வலைப் பைகளை மட்டும் வெட்டி எடுத்துத் தைத்து, முன்சீட்டின் முதுகில் மாட்டியிருக்கிறேன். துணிப் பொம்மைகளைத் தவிர கனமான எதையும் அதில் வைப்பதில்லை.